திருப்பிக் கொண்டுவந்த குட்டி

2017 கார்த்திகையில் ஒரு பின்னேரம். மழை விட்டு, வளவுக்குள் வெள்ளம் இன்னும் வடியாத நேரம். எங்கள் படலைக்கு முன்னால் ஓர் ஓட்டோ வந்து நின்றது. மாங்குளத்திலிருந்து வந்திருந்தார்கள். பின்சீற்றில் உரச்சாக்கு விரித்து, அதன்மேல் ஒரு நாய் படுத்திருந்தது. ஒன்பது மாதக் குட்டி. முழுக் கறுப்பு, நெஞ்சில் மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி, ஒரு காது நிமிர்ந்து மற்றது மடிந்து. மூஞ்சியின் நீளத்தைப் பார்த்தவுடனேயே எங்கள் சீசரின் பிள்ளை என்று விளங்கிவிட்டது.

வந்தவர் அதைத் தூக்கி இறக்கினார். முன்கால்களை ஊன்றி எழும்பப் பார்த்தது. பின்பக்கம் கூட வரவில்லை. பிறகு முயல் பாய்வதுபோல் பின்கால் இரண்டையும் சேர்த்து ஒரு துள்ளுத் துள்ளி நின்றது. நாலு அடி வைத்துவிட்டு ஈர மண்ணிலேயே இருந்துவிட்டது. வாலை மட்டும் ஆட்டியது.

"அண்ணை, நீங்கள் தந்த சாமான் சரியில்லை" என்றார் அவர்.

அவரில் எனக்குக் கோபம் வரவில்லை, இன்றுவரைக்கும் இல்லை. தோட்டத்துக்குள் பன்றி இறங்குகிறது, இரவுக்காவலுக்கு ஒரு நாய் வேண்டும் என்று 12,000 ரூபா எண்ணிக் கொடுத்து வாங்கியவர். கச்சான் தோட்டத்தைச் சுற்றி ஓட வேண்டிய நாய் கொட்டிலை விட்டு எழும்பாமல் கிடந்தால் அவர் என்ன செய்வது? எத்தனையோ பேர் செய்வதுபோல் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் இறக்கிவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் செய்யாமல் ஓட்டோவுக்குக் காசு கொடுத்து என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். "சாமான்" என்ற சொல்தான் எனக்குள் நின்றுவிட்டது. அந்தச் சொல்லை அவருக்குப் பழக்கியவர்களில் நானும் ஒருவன்.

சீசர் ஓர் அல்சேஷன். 2013 இல், கனடாவில் இருக்கும் அண்ணா அனுப்பிய காசில் யாழ்ப்பாணத்தில் வாங்கியது. எங்கள் பகுதியில் அந்த ஆண்டுகளில் இப்படி எத்தனையோ நாய்கள் வந்தன. மீள்குடியேறி, வீட்டுத்திட்டத்தில் வீடு கட்டி, பிள்ளைகள் வெளிநாட்டில், தாய் தகப்பன் மட்டும் வட்டக்கச்சியிலோ முரசுமோட்டையிலோ தனிய. கள்ளர் பயம். வெளிநாட்டில் இருப்பவனுக்கு இரவில் நித்திரை வரவேண்டுமென்றால் ஊரில் ஒரு சாதி நாய் நிற்கவேண்டும். ஊர்நாய் குரைத்தால் ஆரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அல்சேஷன் சும்மா நின்றாலே ஆள் படலையைத் திறக்கமாட்டான். இதுதான் கணக்கு. ஆனால் கலப்பில்லாத அல்சேஷன் வாங்க எல்லாருக்கும் கட்டுமா? அங்கேதான் குறோஸ் என்ற கலப்பு நாய் வந்தது. பாதி விலை, பார்க்கப் பாதி அல்சேஷன்.

எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் ஓர் அக்கா இருக்கிறா. 2009 இல் கணவரை இழந்தவ. இரண்டு பெண்பிள்ளைகள். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு கிளிநொச்சியில் ஒரு தொண்டு நிறுவனத்தின் அலுவலகத்தில் சமைத்தா. அந்த அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு போனபோது, அங்கே வேலை செய்த வெளிநாட்டுப் பெண் தான் வளர்த்த மஞ்சள் லப்ரடோர் பெட்டைக்குட்டியை அக்காவின் கையில் கொடுத்துவிட்டுப் போனா. லைக்கா என்று பெயர். நல்ல அமைதியான நாய். கோழிக்குஞ்சு அதன் முதுகில் ஏறி நிற்கும்.

2016 இல் அக்கா வந்து கேட்டா: "தம்பி, உங்கட சீசரை ஒருக்கா விடுவியளோ? லப்பும் அல்சேஷனும் குறோஸ் எண்டால் குட்டி நல்ல விலைக்குப் போகுமாம்."

நான் யோசிக்கவேயில்லை. நாய்க்கென்ன, எனக்கென்ன. 63 நாளில் எட்டுக் குட்டி. வழக்கப்படி கடுவன்காரனுக்கு ஒரு குட்டி அல்லது அதன் காசு. நான் காசாக எடுத்தேன். 12,000 ரூபா. நீரிறைக்கும் பம்பியைத் திருத்தினேன். அந்தப் பம்பி இன்னும் ஓடுகிறது.

ஒரு விசயம் அப்போதே எங்களை யோசிக்க வைத்திருக்கவேண்டும். தாய் மஞ்சள், தகப்பன் மண்ணிறமும் கறுப்பும், குட்டிகளோ எட்டும் கன்னங்கறுப்பு. அக்கா பயந்துவிட்டா, வேறு நாய் வந்துபோய்விட்டதோ என்று. அப்படியில்லை. மஞ்சள் லப்ரடோரின் உடம்புக்குள் கறுப்பு நிறத்துக்கான மரபணு அப்படியே இருக்கிறது. மஞ்சள் அதன்மேல் போட்ட மூடி. தாயும் தகப்பனும் கொடுத்தால்தான் குட்டிக்கு அந்த மூடி வரும். அல்சேஷன் அதைக் கொடுக்காததால் அடியில் இருந்த கறுப்பு வெளியே வந்தது. இதை நான் பிறகுதான் படித்தேன். அன்று எங்களுக்கு விளங்கியது, "கறுப்பெண்டால் இன்னும் நல்லம், கள்ளனுக்கு இருட்டில தெரியாது" என்று சொல்லி விற்கலாம் என்பது மட்டும்தான். கண்ணுக்குத் தெரிந்த நிறத்திலேயே நாங்கள் நினைக்காதது அடியில் இருந்ததென்றால், கண்ணுக்குத் தெரியாத எலும்பில், கண்ணில், இதயத்தில் என்ன இருந்திருக்கும்?

வன்னியில் "குறோஸ்" என்ற சொல்லுக்கு நல்ல பெயர். ஜேர்சிக் குறோஸ் மாடு ஊர்மாட்டைவிடக் கூடப் பால் தரும். ஜமுனாபாரிக் கிடாயை ஊர் மறியோடு சேர்த்தால் குட்டி எடையாய் வரும். கமக்காரர் இதைக் கண்ணால் கண்டவர்கள். யாரும் அவர்களுக்கு வகுப்பெடுக்கத் தேவையில்லை. அதனால் நாயிலும் அதுதானே என்று நினைத்துவிட்டோம். அக்காவிடம் குட்டி வாங்க வந்த எல்லாரும் அதையே சொன்னார்கள்: "குறோஸ் எண்டால் வருத்தம் வராது."

ஆனால் கமக்காரனுக்கு இதன் மறுபக்கமும் தெரியும். பைக்கற்றில் வரும் கலப்பின மிளகாய் விதை முதல் தரம் ஒரே சீராய்க் காய்க்கும். அந்தக் காயிலிருந்து விதை எடுத்து அடுத்த போகம் போட்டால் ஒன்று நெட்டை, ஒன்று கட்டை, ஒன்று காய்க்காது. ஏனென்றால் இரண்டு வெவ்வேறு வழியிலிருந்து வந்த தாயும் தகப்பனும் முதல் தலைமுறையில் ஒருவர் குறையை மற்றவர் மறைக்கிறார்கள். அடுத்ததில் மறைந்திருந்தது பிரிந்து வெளியே வருகிறது. நாய்க்கும் இதே கணக்குத்தான். அதிலும் மறைப்பதற்கு இருவரின் குறையும் வேறுவேறாக இருக்கவேண்டும். அல்சேஷனுக்கு இடுப்பு மூட்டு வருத்தம் பேர்போனது. லப்ரடோருக்கும் அதே. இரண்டையும் சேர்த்தால் எது எதை மறைக்கும்? விழித்திரை மெல்ல மெல்லச் செத்துக் கண் குருடாகும் பரம்பரை நோய் ஒன்று இருக்கிறது. அதன் ஒரே மரபணுப் பிழை லப்ரடோரிலும் பூடிலிலும் கொக்கர் ஸ்பானியலிலும் காணப்படுகிறது. இந்த மூன்றில் எந்த இரண்டைச் சேர்த்தாலும், இரு பக்கமும் பிழையைச் சுமந்தால், குட்டி குருடாகலாம். 2024 இல் இங்கிலாந்தின் அரச கால்நடை மருத்துவக் கல்லூரி 9,000 இற்கு மேற்பட்ட நாய்களை வைத்து, பூடிலோடு கலந்த மூன்று வகைக் கலப்பு நாய்களை அவற்றின் தாய், தகப்பன் இனங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தது. பொதுவான நோய்களில் பெரும்பாலானவற்றில் கலப்புக்கும் சாதி நாய்க்கும் வித்தியாசமே இல்லை. கலப்பு கெட்டது என்று அது சொல்லவில்லை. கலப்பென்பதால் மட்டும் வருத்தம் வராது என்று சொல்லி விற்க முடியாது, அவ்வளவுதான்.

லப்ரடோரையும் பூடிலையும் கலந்த கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். இதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அவுஸ்திரேலியாவில் கண்பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டி நாய் பழக்கும் நிறுவனத்தில் வாலி கொன்ரன் என்பவர் நாய் வளர்ப்புக்குப் பொறுப்பாக இருந்தார். 1980 களில் ஹவாயிலிருந்து ஒரு பெண்ணின் கோரிக்கை வந்தது. அவவுக்குப் பார்வை இல்லை. வழிகாட்டி நாய் வேண்டும். ஆனால் கணவருக்கு நாய் முடி ஒவ்வாது. கொன்ரன் முதலில், முடி அதிகம் உதிராத பூடில்களைப் பழக்கிப் பார்த்தார். முப்பதுக்கு மேல் பார்த்தும் ஒன்றும் அந்த வேலைக்கு ஒத்துவரவில்லை. கடைசியில் லப்ரடோரையும் பூடிலையும் சேர்த்தார். மூன்று குட்டிகள். அவற்றின் முடியையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பிப் பார்த்ததில், ஒன்று மட்டும் அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது. சுல்தான் என்று பெயர். அது அந்த அம்மாவிடம் போய்ச் சேர்ந்தது.

இதுவரைக்கும் இதைவிட நல்ல காரியம் இருக்க முடியுமா? ஒரு மனிசியின் தேவை, அதற்கென்று பிறந்த நாய், முன்கூட்டியே செய்த சோதனை. குட்டிகளுக்கு வீடு தேடும்போதுதான் சிக்கல். வளர்க்கக் கொடுக்கவேண்டும், கலப்பு நாய் என்றதும் ஒருவரும் எடுக்கவில்லை. அப்போது கொன்ரன் அவற்றுக்கு ஒரு பெயர் வைத்தார்: லப்ரடூடில். வழிகாட்டி நாய்க்குப் புது இனம் வந்துவிட்டது என்று பத்திரிகைக்குச் சொன்னார்கள். அதன்பிறகு தொலைபேசி ஓயவில்லை. நாய் அதே நாய்தான், குட்டி அதே குட்டிதான்; பெயர் மட்டும் மாறியது, உலகமே வரிசையில் நின்றது. பிறகு கண்டவனெல்லாம் கண்ட நாயையும் பூடிலோடு சேர்த்துப் பெயர் வைத்து விற்கத் தொடங்கினான். ஒவ்வாமை வராது என்பதுதான் விளம்பரம். 2012 இல் நெதர்லாந்தில் ஆராய்ந்து பார்த்தபோது, அப்படிச் சொல்லப்பட்ட இனங்களின் முடியில் ஒவ்வாமையைக் கிளப்பும் புரதம் மற்ற நாய்களில் இருப்பதைவிடக் குறைவாக இல்லை. 2019 இல் முதியவராக இருந்த கொன்ரன் அவுஸ்திரேலிய வானொலிக்குப் பேசியபோது, தான் செய்ததற்காக மனம் வருந்தினார். பெற்றோரின் பரம்பரை வருத்தத்தைப் பார்க்காமல் காசுக்காகக் குட்டி போட வைப்பவர்களுக்குத் தானே கதவைத் திறந்துவிட்டதாக நினைத்தார்.

கொன்ரன் எங்கே தவறினார் என்று பலநாள் யோசித்திருக்கிறேன். இரண்டு நாயைச் சேர்த்ததில் இல்லை. உலகத்தில் இன்று "தூய சாதி" என்று சொல்லும் எதுவும் ஒருகாலத்தில் குறோஸ்தான். டொபர்மன் என்ற நாயை 19 ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜேர்மனியில் அப்போல்டா என்ற ஊரில் வரி அறவிட்ட ஒருவர், தன் பாதுகாப்புக்கென்று பல நாய்களைக் கலந்து உண்டாக்கினார். அவருடைய குடும்பப் பெயர்தான் அந்த நாய்க்கும். எங்கள் அல்சேஷனின் வம்சமும் 1899 இல் ஜேர்மனியில் இடைய நாய்களிலிருந்து தேர்ந்தெடுத்து எழுதி வைத்த ஒரு பதிவேட்டிலிருந்து தொடங்குவது. தூய சாதி என்பதற்காக அங்கே எல்லாம் சரி என்றும் இல்லை. புல்டோக்கின் தலையைப் பெருப்பித்து இடுப்பைச் சிறுப்பித்துக் கொண்டுவந்து, இன்று அந்த இனத்தில் பெரும்பாலான பிரசவம் வயிற்றை வெட்டித்தான் நடக்கிறது. மூக்கு அமுங்கிய பக் நாயைக் கொழும்பிலிருந்து கொண்டுவந்து எங்கள் சித்திரை வெயிலில் கட்டி வைத்திருந்த வீட்டை எனக்குத் தெரியும். நாய்க்கு உடம்பைக் குளிராக்க மூச்சுத்தான் முக்கிய வழி. அந்த மூச்சையே அடைத்துப் பிறப்பித்திருக்கிறார்கள். ஆகவே சாதி நாய்க்காரர் குறோஸ்காரரைப் பார்த்து விரல் நீட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

கொன்ரனின் சுல்தான் போன இடம் அவருக்குத் தெரியும். அந்தப் பெயரை வைத்துப் பிறர் விற்ற குட்டிகள் எங்கே போயின, அவற்றின் பேரப்பிள்ளைகளின் இடுப்பு எப்படி இருந்தது என்பதற்குப் பொறுப்பாளி ஒருவரும் இல்லை. என் பிழையும் அந்த இடத்தில்தான்.

அம்மம்மா நாய்க்குட்டி விற்க விடமாட்டா. வைரவரின் வாகனத்துக்கு விலை பேசுறதோ என்பா. குட்டி கேட்டு வருகிறவர்கள் திண்ணையில் ஒரு சதமோ ஐந்து சதமோ வைத்துவிட்டுப் போவார்கள், வெறுங்கையோடு வாங்கக்கூடாது என்பதற்காக. ஆனால் கொடுப்பதற்கு முதல் கேள்வி பெரிதாய் இருக்கும். ஆர் வீட்டை? வளவுக்கு வேலி இருக்கோ? பிள்ளையள் கல்லெறியாதோ? ஒத்துவராவிட்டால் கொண்டுவந்து விட்டுவிடுங்கோ, றோட்டில விடாதேங்கோ. அப்படித் திரும்பி வந்த குட்டிகளையும் நான் சின்ன வயதில் கண்டிருக்கிறேன். தாய் நாய் மணந்து பார்த்துவிட்டு உள்ளே விடும். மாட்டை, ஆட்டை வாரத்துக்கு, அதாவது கன்றில் பங்கு என்று பேசி, வளர்க்க விடுகிறவர்களும் அப்படித்தான். பசு அடுத்த வீட்டில் நின்றாலும் சொந்தக்காரர் போய்ப் பார்ப்பார், வருத்தம் என்றால் வைத்தியரைக் கூட்டிப்போவார், கன்று பங்கிடுகிறவரைக்கும் தொடர்பு அறாது. நாங்கள் 12,000 ரூபாவுக்குக் குட்டி விற்றபோது கேட்ட ஒரே கேள்வி, "காசு இப்ப முழுக்கத் தருவியளோ?"

அக்காவின் பக்கத்தைச் சொல்லாமல் இதை எழுதினால் நான் பொய்யன். கணவர் இல்லாத வீடு. தொண்டு நிறுவன வேலையும் போன பிறகு அவவைத் தேடி வந்தவர்கள் நுண்கடன்காரர்தான். ஒரு கடனை அடைக்க இன்னொன்று, அதை அடைக்க வேறொன்று. கிழமைக்குக் கிழமை, புதன்கிழமைகளில், மோட்டார் சைக்கிளில் வந்து, காசு தரும்வரைக்கும் படலையில் நிற்பார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வரும்போது படலையில் ஆள் நின்றால் வேறு ஒழுங்கையால் சுற்றிப் போவார்கள். 2018 இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களில் கட்ட முடியாமல் நின்றவற்றை அரசாங்கம் தள்ளுபடி செய்தது. அக்காவின் கடன் அந்த வரம்புக்குள் வரவில்லை. அவவுக்கு லைக்காதான் அந்த வளவில் காசு காய்த்த ஒரே மரம். முதல் ஈற்றில் ஏழு குட்டிக் காசு. தையல் மெஷின், கோழி, எதுவும் அந்த வேகத்தில் அந்தக் காசைத் தந்ததில்லை.

அதனால் நாய் பருவத்துக்கு வந்த ஒவ்வொரு தரமும் சீசர் போனது. ஒன்றரை வருசத்துக்குள் மூன்று ஈற்று. இரண்டாவதில் ஒன்பது. அதில் ஒன்றுதான் மாங்குளம் போய்த் திரும்பி வந்தது. மூன்றாவதில் ஏழு, இரண்டு பிறக்கும்போதே செத்தவை. இன்னொன்றையும் சொல்லவேண்டும்: ஆறு ஏழு குட்டி பிறந்தால் பாதி பெட்டை. பெட்டைக்குட்டியை ஆரும் கேட்பதில்லை. கடுவன் 12,000 என்றால் பெட்டை 5,000, அதற்கும் ஆளில்லாமல் கடைசியில் சும்மா. மூன்றாவது ஈற்றில் மிஞ்சிய ஒரு பெட்டைக்குட்டியை இரவு ஒருவரிடம் கொடுத்தனுப்பினா அக்கா. எங்கே கொண்டுபோனான் என்று நான் கேட்கவில்லை, அவவும் சொல்லவில்லை. மனிசர் வாங்க மாட்டோம் என்ற குட்டியைப் பிறக்கவைத்தது நாங்கள்.

மூன்றாவது ஈற்றுக் குட்டிகளுக்கு மூன்று கிழமை இருக்கும்போது ஒரு விடியற்காலை அக்காவின் மூத்த மகள் ஓடிவந்தாள். லைக்கா நிலத்தில் கிடந்து உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது, கால்கள் விறைத்து, வாயில் நுரை. நாங்கள் விசர் என்றே நினைத்துவிட்டோம். பிள்ளைகளை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டினோம். மிருக வைத்தியர் வந்து பார்த்தவுடனேயே சொன்னார்: பால் கொடுத்துக் கொடுத்து இரத்தத்தில் கல்சியம் இறங்கிவிட்டது. ஊசியால் மெல்ல மெல்லக் கல்சியம் ஏற்றினார். அரை மணித்தியாலத்தில் நடுக்கம் நின்றது. தலையைத் தூக்கி, எழும்ப முதலே குட்டிகள் எங்கே என்று பார்த்தது. அதன் விலா எலும்புகளை அன்றுதான் எண்ணிப் பார்த்தேன். தோலுக்குள்ளால் ஒவ்வொன்றும் தெரிந்தது.

அன்றைக்கு நான் அக்காவிடம் சொன்னேன், இனி வேண்டாமென்று. அவ கதவு நிலையில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்தா.

"தம்பி, நாயை யோசிக்கிறியள். நல்லம். நாளைக்குப் புதன்கிழமை. என்னை ஆர் யோசிக்கிறது?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. முதல் ஈற்றுக் காசில் பம்பி திருத்தியவன் நான். அவவுக்கு அது சோறு, எனக்கு அது உபரி. இரண்டு பேரில் ஆர் நிறுத்தியிருக்கவேண்டும் என்று கேட்டால், வசதி இருந்தவன்தான். ஆகவே நான் சீசரைக் கொண்டுபோய்க் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்தேன். நாம்பனுக்கு நலமடிப்பதை ஏற்கிற ஊர், கடுவன் நாய்க்குச் செய்ததைக் கேள்விப்பட்டுச் சிரித்தது. சிரிக்கட்டும்.

மாங்குளக் குட்டி வந்தது இதற்கு முதல் மாதம். அதற்கு நாங்கள் கறுப்பி என்று பெயர் வைத்தோம். பெட்டைதான், 5,000 ரூபாக் குட்டியையும் கடுவன் விலைக்கு அவரிடம் தள்ளியிருந்தோம் என்பது பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. கிளிநொச்சியில் வைத்தியர் பின்காலைப் பிடித்து அசைத்துப் பார்த்து, இடுப்பு மூட்டு கிண்ணத்துக்குள் பொருந்தவில்லை என்றார். எக்ஸ்றே எடுத்துச் சரியாய்ப் பார்க்கவேண்டுமென்றால் பேராதனைக்குத்தான் போகவேண்டும் என்றார். நாட்டிலுள்ள ஒரே கால்நடை மருத்துவ பீடம் அங்கேதான். வெள்ளாப்பில் வாகனம் பிடித்து ஏ9 வீதி வழியாய்ப் போய், பின்னேரம் படத்தைப் பார்த்தோம். பந்துபோல் உருண்டையாய் இருக்கவேண்டிய எலும்பு முனை சப்பையாய், கிண்ணத்துக்கு வெளியே பாதி நின்றது. பிறக்கும்போது இப்படி இருப்பதில்லையாம். வளரும்போது மூட்டு தளர்ந்து, உரசி உரசி இப்படி ஆகிறது. பல மரபணுக்கள் சேர்ந்து வருவது. கொழுத்தால், கெதியாய் வளர்ந்தால் கூடும். தாயும் தகப்பனும் நொண்டாமல் நடந்தாலும் குட்டிக்குக் கொடுக்கலாம். சீசர் ஒருநாளும் நொண்டியதில்லை.

இதற்காகத்தான் இங்கிலாந்தில் 1965 இலிருந்து நாய்களின் இடுப்பை எக்ஸ்றே எடுத்துப் பரிசோதிக்கிறார்கள். பிறகு வந்த முறைப்படி ஒவ்வொரு பக்கத்துக்கும் 0 இலிருந்து 53 வரை புள்ளி போடுகிறார்கள். கூடக் கூடக் கெட்டது. அமெரிக்காவில் இரண்டு வயது முடியாமல் முழுச் சான்றிதழ் தருவதில்லை. நேர்மையான வளர்ப்பாளர் அந்தப் புள்ளியைப் பார்த்தபிறகுதான் சேர்ப்பார், சாதி நாயானாலும் குறோஸ் ஆனாலும். இந்தியாவில் 2017 இல் வந்த விதிகளின்படி பெட்டை நாய்க்குப் பதினெட்டு மாதமாவது ஆகாமல் இனப்பெருக்கத்துக்கு விடக்கூடாது, எட்டுக் கிழமை ஆகாத குட்டியை விற்கக்கூடாது. இங்கிலாந்தில் 2020 சித்திரையிலிருந்து ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியைத் தரகர் விற்க முடியாது. வளர்த்தவரிடமே போய்த் தாயோடு பார்த்துத்தான் வாங்கவேண்டும். எங்கள் மிருகவதைச் சட்டம் 1907 இல் எழுதியது. அன்று அதில் போட்ட தண்டம் 100 ரூபா. புதிய மிருகநலச் சட்டத்துக்கான வரைவு 2006 இலிருந்து கையிலிருந்து கைக்கு மாறிக்கொண்டிருந்தது. அக்காவிடமோ என்னிடமோ அந்த மூன்று ஈற்றிலும் ஒருவரும் ஒரு துண்டுக் கடதாசி கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாங்கள் நிறுத்தியிருப்போமா? முதலாவதை இல்லை. இரண்டாவதை ஒருவேளை.

2009 தையில் வட்டக்கச்சியை விட்டு வெளிக்கிட்டபோது எங்களிடம் ஜிம்மி என்றொரு ஊர்நாய் இருந்தது. உழவு இயந்திரப் பெட்டிக்குள் சாமான், சைக்கிள், அம்மம்மா, நாங்கள். அப்பா ஜிம்மியின் கயிற்றை அவிழ்த்துவிட்டு, பானையில் இருந்த சோறு முழுவதையும் வாழையிலையில் கொட்டினார். அது சோற்றைத் தொடவில்லை. தர்மபுரம் வரைக்கும் பெட்டிக்குப் பின்னால் ஓடி வந்தது. அதற்குப் பிறகு சனத்துக்குள் தெரியவில்லை. அம்மம்மா பெட்டிக்குள் இருந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தா. அவ திரும்பி ஊருக்கு வரவில்லை. 2010 இல் மெனிக் முகாமிலிருந்து நாங்கள் மட்டும் வந்து பற்றை வெட்டியபோது, கிணற்றடியில் இரண்டு மெலிந்த நாய்கள் நின்றன. எங்களுடையவை இல்லை. ஆனாலும் ஊரில் நின்றவை அவைதான். எங்களைக் கண்டு வால் ஆட்டின.

அன்று எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. உயிர் போகிற ஓட்டம். முறிகண்டியில், கச்சான் கடைகளுக்குப் பின்னால், கழுத்தில் வாரின் அடையாளம் இன்னும் மாறாத பாதி அல்சேஷன், பாதி பொமேரியன் நாய்களைக் காணும்போது எனக்கு ஜிம்மியின் நினைவு வருகிறது. 2022 இல் பெற்றோல் வரிசை நின்ற மாதங்களில் அவை இன்னும் கூடின. கோழிக்கழிவு வாங்கவும் காசில்லை, அரிசி விலை ஏறிவிட்டது, நாய்க்கு எங்கே போவது. அவற்றை விட்டுவிட்டுப் போனவர்களையும் திட்ட எனக்கு மனம் வரவில்லை. இவ்வளவு சாப்பிடும், இப்படி வருத்தம் வரும், இத்தனை வருசம் இருக்கும் என்று விற்றவன் சொல்லியிருந்தால் பாதிப்பேர் வாங்கியிருக்கமாட்டார்கள்.

மாங்குளத்தாருக்கு 12,000 ரூபாவைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்க மறுத்து, பிறகு பாதியை வாங்கினார். அடுத்த மாசியில் எங்கள் பக்கத்து வீட்டு ஊர்நாய் போட்ட குட்டி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அது பன்றியை நல்லாய்த் துரத்துகிறதாம். அக்கா கொஞ்சக் காலம் வேறு ஒருவரின் கடுவனைத் தேடினா. பிறகு மூத்தவளுக்கு ஆடைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது; கிழமைக்காசை அவள் கட்டினாள். லைக்காவுக்குக் கருத்தடை செய்தோம். செலவில் பாதி நான். அது போன வருசம் அக்காவின் அடுப்படியில், கிழட்டு நாயாக, நித்திரையில் போனது.

இந்தத் தையில் ஒரு பெடியன் மோட்டார் சைக்கிளில் வந்தான். புதுக்குடியிருப்புப் பக்கம். கோல்டன் ரிற்றீவர் பெட்டை வைத்திருக்கிறானாம், ஆரோ சீசரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள்.

"சீசர் இப்ப இல்லை தம்பி. இருந்தாலும் விடமாட்டன்" என்றேன். வேறு எங்காவது கடுவன் இருக்கோ என்று கேட்டான். உன்ர நாயின்ர இடுப்பை எக்ஸ்றே எடுத்தனியோ என்று கேட்டேன். இல்லை. குட்டி ஒன்றை ஒரு வருசத்துக்குப் பிறகு திருப்பிக் கொண்டுவந்தால் எடுப்பியோ? அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், அதை நான் மதிக்கிறேன்.

"எத்தனை குட்டியை எடுக்கிறது அண்ணை?"

அந்த நேரம் கறுப்பி மாமரத்தடியில் எழும்பத் தொடங்கினாள். எட்டு வயது நெருங்குகிறது. முன்காலை ஊன்றி, கொஞ்சம் இளைப்பாறி, பிறகு இடுப்பை ஒரு பக்கமாய்ச் சரித்து இழுத்து நிற்பாட்டுவது. வெள்ளாப்புக் குளிருக்கு ஐந்து நிமிசம் எடுக்கும். வெயில் ஏறினால் கெதி. பெடியன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"காலுக்கு என்ன?"

சொன்னேன். தாய் எது, தகப்பன் எது, விலை எவ்வளவு, என் பங்கு எவ்வளவு. அவன் ஹெல்மெட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டான்.

படலைப் பக்கம் அக்காவின் குரல் கேட்டது. புதன்கிழமைகளில் மீன்காரனிடம் தலை வாங்கி அவித்து, முள் எடுத்துக் கொண்டுவருவா. கறுப்பி அவவைக் கண்டால் எழும்பின கையோடு நடக்கவும் பார்ப்பாள். அக்கா சட்டியை மதிலில் வைத்துவிட்டு, தோளில் கிடந்த துவாயை அதன் வயிற்றுக்குக் கீழால் கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்தா.

"மெல்ல வா பிள்ளை, ஓடாதை" என்றா.